சிறு வணிகர் கூரியரைத் தேர்ந்தெடுப்பதும் தொடர்ந்து கணக்குப் பார்ப்பதும்

இளம்பிள்ளையிலிருந்து சேலை அனுப்புபவருக்குப் பொருந்தும் கூரியர், மணப்பாறையிலிருந்து முறுக்கு அனுப்புபவருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சேலை எடை கூடியது, ஆனால் இடத்தை அடைக்காது. முறுக்கு இலேசானது, ஆனால் நொறுங்காமல் போய்ச் சேரப் பெரிய பெட்டி வேண்டும். ஆகவே எந்த நிறுவனத்திடமும் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்பு, கடந்த சில மாத ஆர்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டிய பார்சலின் எடை, பெட்டியின் அளவு, அது சென்ற பின்கோடு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். இந்தத் தாள் கையில் இல்லாமல் பேரம் பேசினால், நமக்குத் தேவைப்படாத ஊர்களுக்கான சலுகையைப் பெற்றுக்கொண்டு மனநிறைவுடன் திரும்பி வர நேரும்.

எடைக் கணக்கில்தான் பலருடைய லாபம் சத்தமின்றிக் கரைகிறது. கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் எடையையும், பெட்டியின் அளவிலிருந்து கணக்கிடும் வால்யூமெட்ரிக் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் விதிக்கின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5000ஆல் வகுத்தால் இந்த எடை கிடைக்கும். 30, 25, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் ஒன்றேகால் கிலோ முறுக்கு வைத்து அனுப்பினால், கட்டணம் 3 கிலோவுக்கு வரும். அதே முறுக்கை 25, 20, 15 சென்டிமீட்டர் பெட்டியில் நெருக்கி அடுக்க முடிந்தால் ஒன்றரைக் கிலோவோடு முடிந்துவிடும். கூரியரை மாற்றுவதால் கிடைக்கும் மிச்சத்தைவிட, அட்டைப்பெட்டி செய்து தருபவரிடம் அளவை மாற்றச் சொல்வதால் கிடைக்கும் மிச்சம் பல சமயங்களில் பெரியது. வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம், தரைவழி, விமானவழி என்று சேவைக்குச் சேவை மாறக்கூடும் என்பதால், அதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். சேலைக்காரர்களுக்கு இருப்பது வேறு சிக்கல். கட்டணம் பெரும்பாலும் 500 கிராம் அடுக்குகளாக ஏறுவதால், 480 கிராம் சேலையோடு அட்டையும் உறையும் சேர்ந்து 510 கிராம் ஆனால் அடுத்த அடுக்கின் முழுக் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். மடிப்புக்குள் வைக்கும் கனத்த அட்டையை மெல்லியதாக மாற்றுவது இங்கே காசாகும்.

விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் தொகை முழுக் கட்டணம் அன்று. அதன்மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம், எளிதில் எட்டாத ஊர்களுக்கான ஓடிஏ கட்டணம், கேஷ் ஆன் டெலிவரிக் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை ஏறும். ஒரு மாதிரிப் பார்சலுக்கு, எல்லாம் சேர்ந்து பில்லில் என்ன தொகை வரும் என்பதை மட்டும் கேட்டு, நிறுவனங்களை அந்தத் தொகையைக் கொண்டே ஒப்பிட வேண்டும். திரும்பி வரும் பார்சலுக்கு என்ன கட்டணம் என்பதைத் தனியாகக் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதிகள் தாமாக முன்வந்து இதைச் சொல்வது அரிது.

அடுத்தது, அந்தந்த ஊரில் அந்நிறுவனம் எப்படி இயங்குகிறது என்பது. பெரிய பெயர் கொண்ட நிறுவனமும் பல ஊர்களில் முகவர்கள் மூலமே பார்சலைக் கொண்டு சேர்க்கிறது. ஆகவே கோயம்புத்தூரில் நன்றாக இருக்கும் அதே நிறுவனம் முதுகுளத்தூரில் மோசமாக இருக்கலாம். இணையத்தில் நிறுவனத்தின் பெயருக்கு வரும் நட்சத்திரங்களை நம்பி முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, உங்கள் பார்சல்கள் அதிகம் செல்லும் ஊரிலுள்ள கிளையின் பக்கத்தைக் கூகுள் மேப்பில் திறந்து, அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட கருத்துகளைப் படித்தால், போனை எடுப்பதில்லை, அலுவலகத்துக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பன போன்ற பயன்தரும் செய்திகள் கிடைக்கும். இந்தியா போஸ்ட்டின் ஸ்பீட் போஸ்ட்டையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் எட்டாத கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் அதுவே பெரும்பாலும் கைகொடுக்கிறது. கடைக்காரர்களுக்கு மொத்தமாகப் பெரிய கட்டுகளை அனுப்புவோருக்குக் கூரியரே தேவையில்லை; லாரிப் பார்சல் சர்வீஸ் போதும்.

பொருளுக்கான தடைகளையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். செக்கு எண்ணெய், வாசனைத் திரவியம், தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரி போன்றவற்றுக்கு விமானவழியில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. அவற்றைத் தரைவழியில் எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டாசைக் கூரியரில் அனுப்பவே கூடாது. இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. இருந்தும் ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. வேறு மாநிலத்துக்குச் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக இ-வே பில் என்ற மின்னணுச் சரக்கு ஆவணம் வேண்டும்; தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய்.

இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களைத் தேர்ந்த பிறகு, ஒப்பந்தம் போடாமல் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். ஒரே எடையுள்ள பார்சல்களை ஒரே நாளில், ஒரே ஊர்களுக்கு, எல்லா நிறுவனங்கள் வழியாகவும் அனுப்ப வேண்டும். சென்னையும் பெங்களூரும் எல்லோருக்கும் எளிது என்பதால், கோத்தகிரி போன்ற மலையூர் ஒன்றையும், பேருந்து குறைவாகச் செல்லும் கிராமம் ஒன்றையும், குவாஹாட்டி போன்ற தொலைவூர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெறுபவர்கள் உறவினராகவோ நண்பராகவோ இருந்தால், டிராக்கிங்கில் தெரியும் நேரத்தையும் பார்சல் உண்மையில் கைக்கு வந்த நேரத்தையும் ஒப்பிடலாம். வீடு பூட்டியிருந்தது என்று பதிவான அன்று, டெலிவரி ஊழியர் உண்மையிலேயே வந்தாரா, குறைந்தபட்சம் போனாவது செய்தாரா என்று கேளுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், போகாமலே போனதாகப் பதிவு செய்யும் கிளையை நம்பித் தொழில் செய்ய முடியாது.

சோதனை முடிந்து வழக்கமான அனுப்புதல் தொடங்கிய பின்பும் பதிவேட்டை நிறுத்தக் கூடாது. புக்கிங் தேதி, பார்சலைக் கண்டறிய ரசீதில் இருக்கும் டாக்கெட் எண், பின்கோடு, நீங்கள் போட்ட எடை, பில்லில் வந்த எடை, சேர்ந்த தேதி, திரும்பியிருந்தால் அதற்கான காரணம், கேஷ் ஆன் டெலிவரிப் பணம் வங்கிக்கு வந்த தேதி ஆகியவை இருந்தால் போதும். சாதாரண எக்செல் தாளே தாங்கும். பின்கோட்டின் முதல் மூன்று எண்களைக் கொண்டு பிரித்துப் பார்த்தால், 600 சென்னை, 625 மதுரை, 641 கோயம்புத்தூர் என்று வட்டாரவாரியாகக் குறைகள் தாமே வெளிப்படும். சராசரி நாட்களை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். விரைவாகச் சேர்ந்த சென்னைப் பார்சல்கள், இரண்டு வாரம் கிடந்த பார்சலை மறைத்துவிடும். பத்தில் ஒன்பது பார்சல்கள் எத்தனை நாட்களுக்குள் சேர்ந்தன என்று பார்ப்பதே வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க உதவும்.

செலவை அனுப்பிய பார்சலுக்கு அல்லாமல், வாடிக்கையாளர் கையில் சேர்ந்த பார்சலுக்குக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் பார்சலுக்கு 60 ரூபாயும் திரும்பி வந்தால் மேலும் 60 ரூபாயும் வாங்குகிறது என்று கொள்வோம். 100 பார்சல்களில் 15 திரும்பினால் மொத்தச் செலவு 6,900 ரூபாய். சேர்ந்த 85 பார்சல்களுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 81 ரூபாய்க்குச் சற்று மேல். இன்னொன்று இரு வழிக்கும் தலா 70 ரூபாய் வாங்குகிறது, ஆனால் 5 மட்டுமே திரும்புகின்றன என்றால், மொத்தம் 7,350 ரூபாய். சேர்ந்த பார்சல் ஒன்றுக்கு 77 ரூபாய்தான். கசங்கி வந்த சேலையையும் நொறுங்கி வந்த முறுக்கையும் இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆனால் எல்லாத் திரும்புதலும் கூரியரின் குற்றமன்று. வாடிக்கையாளர் வேண்டாம் என்று மறுத்தவற்றையும், முகவரி தவறானவற்றையும் தனியே பிரித்துவிட்டுத்தான் கிளையைக் குறை சொல்ல வேண்டும். அவற்றைக் குறைக்க, அனுப்பும் முன் ஒரு முறை அழைத்து உறுதிசெய்துகொள்வதே வழி.

கேஷ் ஆன் டெலிவரியில் முடங்கும் பணத்தையும் பாருங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வசூலாகி, பத்து நாள் கழித்தே உங்கள் கணக்குக்கு வருமானால், எப்போதும் 50,000 ரூபாய் கூரியர் நிறுவனத்திடம் வட்டியின்றிக் கிடக்கிறது. நூல் வாங்கக் கைமாற்று வாங்குபவருக்கு, பார்சலுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்பதைவிடப் பணம் மூன்று நாள் முன்னதாக வருவது முக்கியம்.

தகராறுகளுக்கு முன்னேற்பாடு தேவை. தராசின் மேல் பார்சலை வைத்து, எடையும் டாக்கெட் எண்ணும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தால், பில்லில் எடை கூடி வரும்போது வாதாடலாம். மறுப்புத் தெரிவிக்கத் தரப்படும் நாட்கள் குறைவு என்பதால், பில் வந்தவுடனே சரிபார்க்க வேண்டும். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், தொலைந்தால் மிகச் சிறிய தொகையே தருவோம் என்று பல நிறுவனங்கள் அச்சிட்டிருக்கும். விலையுயர்ந்த பட்டுச் சேலைகளுக்கு மதிப்பை அறிவித்துக் காப்பீட்டோடு அனுப்புவது நல்லது. கூரியர் முகமைகளையும் உள்ளடக்கிய 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, இழப்புக்கு வழக்குத் தொடர வேண்டுமானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். தொலைபேசியில் எத்தனை முறை புகார் சொன்னாலும் அது அறிவிப்பாகாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பதிவேட்டோடு கிளை மேலாளரைச் சந்தியுங்கள். சேவை சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால் அவர் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுவார். 625இல் தொடங்கும் பின்கோடுகளில் இத்தனை பார்சல்கள் போன் செய்யாமலே திரும்பின என்று டாக்கெட் எண்களோடு காட்டினால், அவர் மேலிடத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். ஒரு பார்சல் தொலைந்ததற்காக நிறுவனத்தை மாற்றிவிட வேண்டாம். ஒரே வட்டாரத்தில் ஒரே குறை இரண்டு காலாண்டுகள் தொடர்ந்தால், அந்த வட்டாரத்தை மட்டும் இரண்டாவது நிறுவனத்துக்கு மாற்றலாம். இதற்காகவே எப்போதும் இரண்டு நிறுவனங்களில் கணக்கு இருக்க வேண்டும். தீபாவளி நெரிசலில் ஒருவர் பிக்கப்பை நிறுத்தினாலும் மற்றவர் வருவார்.

முற்றிலும் விலகுவதென்று முடிவு செய்தால், அதைச் சொல்வதற்கு முன்பே அனுப்புதலைப் படிப்படியாகக் குறைத்து, வழியிலுள்ள பார்சல்கள் சேர்ந்தோ திரும்பியோ வரும்வரை காத்திருந்து, வர வேண்டிய கேஷ் ஆன் டெலிவரிப் பணத்தையும் முன்வைப்புத் தொகையையும் வாங்கிய பிறகு, கணக்கை முடிக்கும் கடிதத்தைக் கொடுங்கள்.