சேர்ந்து தொழில் செய்யும்போது எங்கே சறுக்குகிறது? திருப்பூரும் நொய்யலும் காட்டும் தவறுகள்

ஒரே தொழிலில் இருக்கிற நூறு பேர் சேர்ந்து சங்கம் வைப்பது, பொது வசதி மையம் கட்டுவது, மானியம் வாங்கி ஊரையே தூக்கி நிறுத்துவது என்று இப்போது எல்லா மாவட்டத்திலும் பேச்சு நடக்கிறது. கிளஸ்டர் (ஒரே தொழில் செய்பவர்களின் தொகுப்பு) என்கிறார்கள், உற்பத்தியாளர் கம்பெனி என்கிறார்கள். சேரச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேர்ந்த பிறகு எங்கே வழுக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாட்டிலேயே திருப்பூரைவிட நல்ல இடம் கிடையாது.

சேர்ந்து வேலை செய்யத் தெரியாத ஊர் என்று திருப்பூரை யாரும் சொல்ல முடியாது. நூல் ஒருவர் வாங்குவார், நிட்டிங் ஒருவர், சாயம் வேறொருவர். அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஒரு பனியன் பத்துக் கை மாறித்தான் பெட்டிக்குள் போகும். பெரும்பகுதி ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் துணிக்குக் கூலி வாங்கிச் செய்யும் வேலை. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. கண்காட்சி வளாகம், ஃபேஷன் கல்லூரி, ஆயத்த ஆடைப் பூங்கா எல்லாவற்றிலும் சங்கத்தின் கை உண்டு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது.

அப்படிப்பட்ட ஊரின் சாயப்பட்டறைகளை, நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக, ஒன்று விடாமல் மூடச் சொல்லி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒற்றுமை குறைந்ததால் இது நடக்கவில்லை. ஒற்றுமைக்குள் யார் இருந்தார்கள், எந்தக் கணக்கில் அது நடந்தது என்பதில்தான் கோளாறு.

கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊரருகே காவிரியில் சேர்கிறது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஓர் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கான அணை. சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டி ஆகிவிட்டது. அணையைத் திறந்துவிடச் சொல்லி விவசாயிகள் மறியல் செய்வதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே "திறக்காதே, இந்தத் தண்ணீர் எங்கள் நிலத்துக்கு வேண்டாம்" என்றார்கள். பிறகு, தேக்கியும் வைக்காதே, கிணறெல்லாம் கெடுகிறது என்றார்கள்.

திருப்பூரின் வளர்ச்சிக்காகக் கூடிய கூட்டங்களில் ஏற்றுமதியாளர் இருந்தார், வங்கிக்காரர் இருந்தார், அமைச்சரும் அதிகாரியும் இருந்தார்கள். கீழ்மடை விவசாயிக்கு நாற்காலி போடவில்லை. அவர்கள் நீதிமன்றம் வழியாக உள்ளே வந்தார்கள். கரூர்ப் பக்க விவசாயிகள் 1990-களிலேயே வழக்குப் போட்டார்கள். பிறகு நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது, 2007 ஜூலை இறுதிதான் கெடு. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்நியச் செலாவணி கொண்டுவருகிறோம், வேலை கொடுக்கிறோம் என்ற வாதம் எடுபடவில்லை. ஆற்றிலும் அணையிலும் படிந்த கசடை அள்ளும் செலவும் பட்டறைகளின் தலையில்தான் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

இடையில், இழப்பீட்டை முடிவு செய்ய அமைத்த ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் தரச் சொன்னது. கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. கிணறு கெட்டு, தென்னை போன குடும்பத்துக்கு ஒன்பதாயிரம்!

ஆகவே புதிதாகக் கூட்டமைப்பு தொடங்குகிறவர்கள் உறுப்பினர் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் வேறொரு பட்டியல் எழுத வேண்டும். நம் தண்ணீர் எங்கே போகிறது, நம் புகை எந்தப் பக்கம் வீசும், நம் லாரி எந்தத் தெருவில் திரும்பும், நமக்காக எந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள் என்று பாருங்கள். அங்கே இருப்பவர்களும் இந்தத் திட்டத்தின் பங்காளிகள்தான், பங்குத்தொகை கட்டவில்லை என்பதைத் தவிர. திறப்பு விழாவில் வாழ்த்துரைக்கு மட்டும் அழைத்தால் போதாது. திட்ட அறிக்கை எழுதும்போதே கூப்பிட வேண்டும். கழிவின் அளவும் தரமும் மாதாமாதம் அவர்கள் கைக்குப் போக வேண்டும். செலவு அதிகமாகும், கூட்டம் நீளும், சண்டையும் வரும். வழக்குச் செலவை நினைத்தால் இது மலிவு.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சரிசெய்வது

சாயப்பட்டறைக்காரர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 1990-களின் கடைசியிலேயே பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. கூட்டுறவுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஆனால் அந்த நிலையங்கள் எதைச் சுத்திகரித்தன?

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்புப் போட வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறம் என்றால் லிட்டருக்கு அறுபது, எழுபது கிராம் சாதாரணம். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளிவிடுவதுதான் உப்பின் வேலை. வேலை முடிந்ததும் அது துணியோடு போகாது, தண்ணீரிலேயே நின்றுவிடும். அந்த நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைப் படிய வைத்தார்கள். வெளியே வந்த தண்ணீரில் நிறம் குறைந்திருந்தது. கரைந்த உப்பு அப்படியே இருந்தது. கரைந்த உப்புக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், அதாவது இரண்டு கிராம் சொச்சம். தொட்டியில் போட்ட அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போதாததற்கு, போட்ட சுண்ணாம்பெல்லாம் கசடாக மூட்டை மூட்டையாய்ச் சேர்ந்தது.

தென்னைக்கு நிறம் பொருட்டே இல்லை; உப்புத்தான் அதைக் கொல்கிறது. உப்பை எடுக்க ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டி, அதன் பின்னால் ஆவியாக்கும் கலன்கள், அதற்கு விறகும் மின்சாரமும் என்று செலவு பல மடங்கு போகும். அதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். இப்படித் தள்ளிவைப்பது திருப்பூருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. பொது வசதி மையம் என்றாலே சுலபமாக வாங்கக்கூடிய, திறந்துவைக்கக்கூடிய, படம் எடுக்கக்கூடிய இயந்திரமாகப் பார்த்து வாங்குவதைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம். பாதிக்கப்பட்டவரிடம் "உங்களுக்கு எது தொந்தரவு?" என்று கேட்டிருந்தால், நிறம் என்றா சொல்லியிருப்பார்? கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

மாமன் மச்சான் நம்பிக்கையை விதியாக நினைப்பது

திருப்பூரின் தொழில் வளர்ந்ததே சொந்தபந்தத்தின் மேல்தான். தோட்டத்தை விற்ற பணம், மைத்துனர் கொடுத்த கைமாற்று, வாய்ச்சொல்லில் ஓடும் கடன். ஏமாற்றினால் அடுத்த கல்யாணத்தில் முகத்தில் முழிக்க முடியாது என்பதால் அந்த நம்பிக்கை நின்றது.

ஆற்றில் கழிவு விடும் விஷயத்தில் அது நிற்காது. ராத்திரி யார் வால்வைத் திறந்தார் என்று யாருக்கும் தெரியாது. மழை பெய்து ஆறு ஓடினால் அதுவும் அடித்துக்கொண்டு போய்விடும். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குறைவாக அனுப்பினால் கட்டணமும் குறைவு. ஒழுங்காக அனுப்புகிறவருக்குத் துணியின் அடக்கவிலை ஏறும், பக்கத்துக்காரர் குறைந்த ரேட்டில் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போவார். யோக்கியனாக இருப்பதற்கு அபராதம் கட்டுவது போல.

எனவே அளவுமானி வேண்டும், அதன் கணக்கு எல்லா உறுப்பினர் கண்ணிலும் பட வேண்டும், தப்பு செய்தவரைச் சங்கமே காட்டிக்கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் நம் ஊரில் நடக்காது, அதனால் முதல் இரண்டும் வீணாகும். அபராதமும் உறைக்கிற அளவில் இருக்க வேண்டும். 2006 தீர்ப்பில், கெடு முடிவதற்குள்ளேயே லிட்டருக்கு முதலில் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 என்று ஏறுகிற அபராதம் இருந்தது. ஏறுவது நல்ல யோசனை. ஆனால் எந்த அபராதமாக இருந்தாலும், அது சுத்திகரிப்புச் செலவைவிட மலிவு என்றால் கணக்குப் பிள்ளை அதையும் ஒரு ஜாப் ஒர்க் கூலியாக எழுதிவிட்டுப் போய்விடுவார்.

விளைவு என்ன? 2011 உத்தரவு ஒழுங்காக நடத்தியவரையும் நடத்தாதவரையும் ஒரே நாளில் மூட வைத்தது.

ஒரே தண்ணீர், இரண்டு திட்டம்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் மிகச் சுவையான பகுதி. சாயத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அது சுற்றுக் கிராமங்களிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது. இதற்கு மாற்றாக 1995-ல் தமிழக அரசு, ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர் சங்கம் மூன்றும் சேர்ந்து புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகத்தை ஒரு கம்பெனியாகத் தொடங்கின. பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்குச் செலவு. அரசும் தனியாரும் சேர்ந்து நாட்டில் செய்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. தொழிற்கூடங்களுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்று விற்று, அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலையில் கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். நல்ல கணக்குத்தான்.

2006-ல் தண்ணீர் வந்தது. அதே 2006 டிசம்பரில் ஒரு சொட்டும் வெளியே விடாதே என்ற தீர்ப்பும் வந்தது. கழிவை முழுமையாகச் சுத்திகரித்தால் பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் பட்டறைக்கே திரும்பி வந்துவிடும். அப்புறம் அவர் எதற்கு 45 ரூபாய்க்குப் புதுத் தண்ணீர் வாங்கப் போகிறார்? 2011-ல் பட்டறைகள் மூடியபோது வாங்க ஆளே இல்லை. ஒரே வாடிக்கையாளரின் ஒரே வாளித் தண்ணீரை இரண்டு திட்டமும் தன்தன் வரவில் எழுதி வைத்திருந்தன. தண்ணீர்க் கம்பெனி கடனைத் திருப்பிக் கட்டத் திணறி, கடனை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் தண்ணீர்க் கம்பெனியிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இருந்தது பெரும்பாலும் ஒரே தொழில், ஒரே ஊர்.

உங்கள் பகுதியில் ஒரு பொதுத் திட்டம் வரும்போது, இதே ஆட்களை நம்பி வேறு எந்தத் திட்டம் ஓடுகிறது, ஒன்று ஜெயித்தால் மற்றது தோற்குமா என்று கேளுங்கள். அதிகாரிகள் கேட்க மாட்டார்கள். இரண்டும் வேறு வேறு துறை.

தள்ளிப்போடுவது

2007 கெடு போனது, நீட்டிப்பு, மேல்முறையீடு என்று நாலு வருஷம் ஓடியது. மூடிய பிறகு மட்டும் எப்படி வேகம் வந்தது? மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உப்புநீரை முழுக்கக் காய்ச்சி உப்பாக்குவதற்குப் பதில், அந்த அடர் உப்புநீரையே திரும்பச் சாயத் தொட்டிக்குப் பயன்படுத்தும் முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்துப் பார்த்தார்கள். செலவு குறைந்தது. மற்ற நிலையங்களும் அதைப் பின்பற்றின. இப்போது அதே சுத்திகரிப்பை வெளிநாட்டு பையர்களிடம் பெருமையாகக் காட்டி ஆர்டர் கேட்கிறார்கள். நடுவில் சாய வேலை வேறு மாவட்டங்களுக்குப் போனது, கூலி வேலைக்காரர்கள் ஊருக்கு வண்டி ஏறினார்கள்.

வேலைக்காரர்கள் என்றதும் இன்னொன்று. பனியன் கம்பெனிச் சம்பளத்துக்குத் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடும் பழைய வழக்கம் திருப்பூரில் இருக்கிறது. அது நல்ல வழக்கம். ஆனால் இன்று தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பங்கு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியபோது, அவர்கள் மொழியில் பேசி நம்ப வைக்க ஆள் தேட வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எந்தக் கூட்டமைப்பிலும் இவர்கள் சார்பில் ஒருவர் முன்பே இருந்திருந்தால் ஒரு போன் போதுமாக இருந்திருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சுத்திகரிப்பின் கடைசியில் சோடியம் சல்பேட்டும் சமையல் உப்பும் கலந்த ஒரு கலவை உப்பு மிஞ்சுகிறது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம், அப்படியே வாங்க ஆள் இல்லை. மூட்டைகள் கொட்டகைகளில் சேர்ந்துகொண்டே போகின்றன. புதிதாகப் பொது நிலையம் போடுகிறவர்கள், மிச்சத்தை அப்புறப்படுத்தும் செலவை முதல் நாள் கட்டணத்திலேயே சேர்த்து வசூலித்துத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். பத்து வருஷம் கழித்து உறுப்பினர்களிடம் கேட்டால், பாதிப் பேர் தொழிலை விட்டிருப்பார்கள், மீதிப் பேர் அது பழைய கமிட்டி விவகாரம் என்பார்கள்.