லீவர் ரைஃபிளுக்குப் புதிய பவுடர்: ரீலோடிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வின்செஸ்டர் 1894 என்ற லீவர் ரைஃபிளுக்காக (கைப்பிடி லீவரை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) .30-30 தோட்டா 1895-இல் வந்தது. அமெரிக்காவில் புகையில்லாப் பவுடருக்கென்றே உருவான முதல் வேட்டைத் தோட்டாக்களில் அதுவும் ஒன்று. அதன்பின் நெடுங்காலம் ரீலோடிங் (சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்புவது) செய்பவர்கள் ஐஎம்ஆர் 3031 போன்ற குச்சி வடிவப் பவுடர்களையே நம்பியிருந்தார்கள். இன்று உருண்டை வடிவ 'பால்' பவுடர்கள் அந்த இடத்தைப் பிடித்து வருகின்றன. ஹார்னடியின் லெவரெவல்யூஷன் தோட்டாக்கள் புகழ் பெற்ற பிறகு, அதே பெயரில் ஹாட்ஜ்டன் தனிப் பவுடரும் விற்கத் தொடங்கியது. சிஎஃப்இ 223, வின்செஸ்டர் ஸ்டாபால் வரிசை ஆகியவையும் பால் பவுடர்களே. இவை அளவியில் (பவுடரை அளந்து ஊற்றும் கருவி) தண்ணீர் போல ஓடும், எத்தனை முறை ஊற்றினாலும் ஏறக்குறைய ஒரே எடையில் விழும். லெவரெவல்யூஷன் பவுடர் .30-30-க்கு, அழுத்த வரம்பைத் தாண்டாமலே வினாடிக்கு 100 அடி அளவில் கூடுதல் வேகம் தருகிறது.

தவறுகள் தொடங்குவதும் அந்த வேகத்தில்தான். போல்ட் ரைஃபிளில் (பூட்டுத்தண்டான போல்ட்டைக் கையால் இழுத்து இயக்கும் துப்பாக்கி) பழகிய கை, 'கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம், ரைஃபிளே சொல்லிவிடும்' என்று நினைக்கும். லீவர் ரைஃபிள் அப்படிச் சொல்லாது. சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

எத்தனை கிரெயின் (எடை அலகு) பவுடர் போட வேண்டும் என்ற எண் இந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை. அந்த எண்ணை ஹாட்ஜ்டன், ஹார்னடி, லைமன் ஆகியோரின் நடப்புக் கையேடுகளிலிருந்து, உங்கள் குண்டு, கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (அடியிலுள்ள பற்றவைப்பான்) மூன்றுக்கும் பொருந்தும் வரியைப் பார்த்து எடுக்க வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்பவை, இதைச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்கா போன்ற இடங்களில் செய்பவர்களுக்கானவை.

பெயரைப் பார்த்து மாற்றுவது

எச்4198-உம் ஐஎம்ஆர் 4198-உம் ஒன்றல்ல. எச்4895-உம் ஐஎம்ஆர் 4895-உம் ஒன்றல்ல. 2003-இல் ஐஎம்ஆரை ஹாட்ஜ்டன் வாங்கிவிட்டதால் இரண்டு டப்பாக்களும் ஒரே நிறுவனத்திடமிருந்து, ஒரே அலமாரியில், ஒரே எண்ணோடு நிற்கின்றன. எச்110-உம் வின்செஸ்டர் 296-உம் போன்ற சில இணைகள் மட்டும் உண்மையிலேயே ஒரே பவுடர். அந்தச் சில விதிவிலக்குகளைக் கேள்விப்பட்டு, எண் ஒத்துப்போனால் எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுகட்டுவதுதான் ஆபத்து.

எரிவேகப் பட்டியலை வைத்து மாற்றுவதும் இதே வகைத் தவறுதான். பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு பவுடரும் சமம் ஆகிவிடாது. அது வரிசையைத்தான் காட்டும், இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் காட்டாது. தோட்டா மாறினால் வரிசையே மாறக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொறி அளவியில் இருக்கிறது. பால் பவுடர் அடர்த்தியானது. குச்சிப் பவுடருக்கு வைத்திருந்த அளவி அமைப்பை மாற்றாமல் பால் பவுடரை ஊற்றினால் அதே கொள்ளளவில் எடை கூடிவிடும். பவுடர் மாறினால் அளவியைப் பூஜ்யத்திலிருந்து அமையுங்கள். முதல் பத்து ஊற்றல்களைத் தராசில் போட்டு, திரும்பக் குப்பியில் கொட்டுங்கள். ஓட்டம் சீரான பிறகே கேஸில் ஊற்ற வேண்டும். சிறு மணிகள் அளவியின் உருளை இடுக்கில் கசிகிறதா என்றும் பாருங்கள்.

கையேட்டு வேகத்தைத் துரத்துவது

.30-30-க்குக் கையேட்டில் காணும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. கையில் இருக்கும் மார்லின் 336 அல்லது வின்செஸ்டர் 94 கார்பைனின் குழல் 20 அங்குலம். மெதுவாக எரியும் பவுடர் தன் வேலையை முடிக்க நீளமான குழலைக் கேட்கும். குழல் குறைந்தால் வேகம் குறையும், அது இயல்பு. அந்த இடைவெளியை நிரப்பக் கூடுதலாக அரை கிரெயின் போடும்போது ஏறுவது அழுத்தம். குழல் நீளம் ஏறாது.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபை இதற்கு நேர்மாறாகப் பயன்படுத்துங்கள். கையேட்டின் உச்ச அளவை எட்டும் முன்பே கையேட்டின் உச்ச வேகம் வந்துவிட்டால், அங்கேயே நிறுத்துங்கள். வேகம் சும்மா வராது. இலவசமாகக் கிடைத்ததாகத் தோன்றும் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது.

பிரைமரைப் பார்த்து அழுத்தத்தைக் கணிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். .30-30-இன் அழுத்த வரம்பு 42,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). .35 ரெமிங்டனுக்கு 33,500. .45-70-க்கு 28,000. .45 கோல்ட்டுக்கு 14,000 மட்டுமே. பிரைமர் தட்டையாவது, கேஸ் அடியில் எஜெக்டரின் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடம் விழுவது போன்ற அறிகுறிகள் போல்ட் ரைஃபிள்களின் 60,000 பிஎஸ்ஐ அளவிலான தோட்டாக்களில் பழகியவை. .45-70-இல் பிரைமர் தட்டையாகும் நேரத்தில் நீங்கள் வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். பிரைமர் உருண்டு அழகாக இருக்கிறது என்பது இங்கே எதற்கும் சான்று அல்ல.

லீவர் ரைஃபிளின் கட்டமைப்பும் சேர்ந்துகொள்கிறது. வின்செஸ்டர் 94-இல் போல்ட் பின்புறத்தில் பூட்டுகிறது. சுடும்போது போல்ட்டும் ரிசீவரும் சிறிதளவு விரிந்து சுருங்கும். கேஸின் முன்பகுதி சேம்பரைப் (தோட்டா அமரும் அறை) பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி பின்னே நகர, இடையில் பித்தளை நீள்கிறது. ஒவ்வொரு முறையும் அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. வெளியே மங்கிய பளபளப்பு வளையமாக அது தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க, மெல்லிய கம்பியின் நுனியைச் சிறிது மடித்துக் கூர்மையாக்கி, கேஸின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் சிக்கினால் அந்தக் கேஸைக் குறட்டால் நசுக்கிப் போட்டுவிடுங்கள். அதே பெட்டியிலுள்ள மற்ற கேஸ்களும் சந்தேகத்துக்கு உரியவை.

கேஸின் அளவைச் சரிசெய்யும் டையை, கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கிவைப்பது இந்த நீட்சியைக் கூட்டும். .30-30 விளிம்புள்ள தோட்டா என்பதால் சேம்பரில் விளிம்பு தாங்கிக்கொள்ளும், தோளை (கழுத்துக்குக் கீழுள்ள சரிவு) தேவைக்கு மேல் பின்னே தள்ளிவிட்டது உடனே தெரியாது. அதே சமயம், சுட்ட கேஸைப் பிடுங்கி எடுக்கும் பலம் லீவருக்குக் குறைவு. கழுத்தை மட்டும் சரிசெய்து தப்பிக்கவும் முடியாது. முழு நீளமும் சைஸ் செய்ய வேண்டும், ஆனால் கேஸ் உங்கள் சேம்பரில் தடையின்றி நுழையும் அளவுக்கு மட்டும். டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கி, கேஸைப் போட்டு லீவரை மூடிப்பார்த்து, அந்த இடத்தில் பூட்டுங்கள்.

துப்பாக்கி மாறினால் தரவும் மாற வேண்டும். கையேடுகள் .45-70-ஐப் பொதுவாக மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன: 1873 டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு, மார்லின் 1895 போன்ற நவீன லீவர் ரைஃபிளுக்கு, ரூகர் நம்பர் 1 போன்ற வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு. மூன்றாம் பகுதியின் எண்ணை மார்லினில் போடுவதும், இரண்டாம் பகுதியின் எண்ணைப் பழைய டிராப்டோரில் போடுவதும் கையையும் கண்ணையும் பணயம் வைப்பது. வின்செஸ்டர் 1873-உம் அதன் இன்றைய நகல்களும் முழங்கை மடிப்புப் பூட்டு கொண்டவை. எஃகு புதியதாக இருந்தாலும் பூட்டு பழையதுதான். வின்செஸ்டர் 1892 வகைக்கு எழுதிய தரவை அதில் போடக்கூடாது.

குழாய் மேகசினை மறப்பது

தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும் குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னுள்ள தோட்டாவின் பிரைமர் மேல் நிற்கிறது. கூர்மூக்குக் குண்டு என்றால் அதிர்விலேயே பிரைமர் வெடிக்கலாம். தட்டை மூக்குக் குண்டு, அல்லது ஹார்னடி எஃப்டிஎக்ஸ் போல இதற்கென்றே மென்முனை வைத்த குண்டுதான் வேண்டும். சாவேஜ் 99, பிரவுனிங் பிஎல்ஆர் ஆகியவற்றில் மேகசின் அமைப்பே வேறு என்பதால் அங்கே கூர்மூக்கு செல்லும். அத்தகைய ரைஃபிள் வைத்திருக்கும் நண்பரின் தரவை அப்படியே எடுத்து உங்கள் மார்லினில் போடாதீர்கள்.

எஃப்டிஎக்ஸ் குண்டில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. .45-70-க்கான எஃப்டிஎக்ஸ் மூக்கு நீளம் அதிகம். வழக்கமான 2.105 அங்குலக் கேஸில் பொருத்தினால் தோட்டா நீண்டு லீவரில் ஓடாது. அதனால் கேஸை 2.040 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும், ஹார்னடியே தன் தோட்டாக்களுக்கு அப்படித்தான் குறைந்த நீளக் கேஸ் செய்கிறது. வெட்டிய கேஸில் உள்ளிடம் குறைகிறது. எனவே நீளக் கேஸுக்கு எழுதிய தரவை அதில் பயன்படுத்தக்கூடாது. இந்தக் கேஸ்களைத் தனிப் பெட்டியில், பெரிய எழுத்தில் பெயரிட்டு வையுங்கள்.

கிரிம்ப் (கேஸ் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது) இல்லாத தோட்டா இந்த மேகசினில் நிற்காது. சுடும் அதிர்விலும் ஸ்பிரிங்கின் அழுத்தத்திலும் குண்டு கேஸுக்குள் இறங்கும், உள்ளிடம் குறையும், அழுத்தம் ஏறும். மெதுவாக எரியும் பால் பவுடருக்கு, சீராகப் பற்றவும் அந்தப் பிடிப்பு உதவுகிறது. சீரான கிரிம்ப்புக்கு எல்லாக் கேஸும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். .30-30-இன் உச்ச நீளம் 2.039 அங்குலம், வெட்டும் நீளம் 2.029. நீளம் கூடிய கேஸ் கூடுதலாக நசுங்கும், .30-30-இன் மெல்லிய தோள் புடைத்து, தோட்டா பாதியில் சிக்கும். குண்டைப் பொருத்துவதை ஒரு வேலையாகவும், அதன் பள்ளத்தில் கிரிம்ப் போடுவதை இன்னொரு வேலையாகவும் பிரித்துச் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

சோதிக்க, பவுடரும் பிரைமரும் இல்லாத ஐந்து டம்மித் தோட்டாக்களைச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் காலிப்பரில் அளந்து கேஸ் மேல் எழுதுங்கள். மேகசினில் நிரப்பி லீவரை வேகமாக இயக்கி வெளியேற்றி, மறுபடி அளந்து பாருங்கள். எண் குறைந்திருந்தால் கிரிம்ப் போதவில்லை. மொத்த நீளம் .30-30-க்கு 2.550 அங்குலத்தைத் தாண்டினால், தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியரில் தட்டும்.

பிரைமரின் முகம் கேஸ் அடியைவிடச் சற்று உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு கேஸையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். துருத்தும் பிரைமருக்கு இந்த மேகசினில் இடமில்லை. கையேட்டில் சாதாரண பிரைமர் என்றிருந்தால் மேக்னம் பிரைமர் போடாதீர்கள். மேக்னம் என்றிருந்தால் சாதாரணத்துக்கு இறங்காதீர்கள். பால் பவுடர் பற்றுவது கடினம் என்பதால் சில தரவுகள் மேக்னத்தோடுதான் எழுதப்பட்டிருக்கும்.

குறைத்தால் பாதுகாப்பு என்று நம்புவது

கூட்டினால் ஆபத்து, குறைத்தால் நல்லது என்ற கணக்கு எல்லாப் பவுடருக்கும் பொருந்தாது. .44 மேக்னம் லீவர் ரைஃபிளுக்குப் பலரும் போடும் எச்110-ஐ, வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது. குறைத்தால் பாதி எரிந்து நின்று, குண்டு குழலிலேயே தங்கலாம். அடுத்த தோட்டா அதன் பின்னால் வந்து மோதினால் குழல் புடைக்கும், பிளக்கவும் கூடும்.

சத்தம் மந்தமாகக் கேட்டால், அதிர்வு குறைவாகத் தெரிந்தால், லீவரை இழுத்து அடுத்ததை ஏற்றாதீர்கள். குழலை இலக்குப் பக்கமே நீட்டி அரை நிமிடம் பொறுங்கள். மேகசினைக் காலி செய்து, முன்வாயிலிருந்து கிளீனிங் கம்பியை விட்டுப் பாருங்கள். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் போல்ட் வந்துவிடும், பின்னாலிருந்தே நேராகப் பார்க்கலாம். வின்செஸ்டர் 94-இல் அந்த வசதி இல்லை, கம்பியே வழி.

மென்மையான தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்றே வெளியிட்ட தரவு இருக்கிறது. எச்4895-க்கு ஹாட்ஜ்டன் தன் கையேட்டில் உச்ச அளவின் 60 சதவீதம்வரை இறங்க வழி தருகிறது. அந்த அனுமதியை வேறு பவுடருக்குக் கடன் வாங்கக்கூடாது.

மேசையும் அலமாரியும்

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் அளவியில் மிச்சமிருப்பதை அதன் டப்பாவிலேயே கொட்டிவிடுங்கள். இரவு முழுவதும் விட்டால் நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர் பிளாஸ்டிக்கை அரிக்கும். மறுநாள் உள்ளே இருப்பது எது என்ற சந்தேகமும் வரும். எதுவென்று உறுதியாகத் தெரியாத பவுடர் வீண்தான், ஊகித்துப் பயன்படுத்தக்கூடாது.

.45 கோல்ட், .45-70 போன்ற பெரிய கேஸ்களில் வேகமான பவுடரின் சிறு அளவு அடியில் கிடக்கும். இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. குண்டைப் பொருத்தும் முன் எல்லாக் கேஸையும் தட்டில் நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் பவுடர் மட்டத்தையும் பாருங்கள்.

புதிய டப்பாவில் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறியிருந்தால் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். ஜனவரிக் குளிரில் உச்சத்தில் அமைத்த தோட்டா, அரிசோனா ஆகஸ்ட் வெயிலில் காரின் பின்பெட்டியில் கிடந்தால் அழுத்தம் கூடும். பால் பவுடர்களில் பலவற்றுக்கு இந்த வெப்ப உணர்வு அதிகம், ஸ்டாபால் வரிசை அதைக் குறைக்கவென்றே வந்தது.

பவுடரை அதன் அசல் டப்பாவிலேயே, வெயிலும் நெருப்பும் அண்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியான என்எஃப்பிஏ 495 வீட்டில் 20 பவுண்டுவரை அசல் டப்பாக்களில் வைக்க இடமளிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டுவரை என்றால் குறைந்தது ஓர் அங்குலத் தடிப்பலகைப் பெட்டி வேண்டும். உள்ளூர் விதி இன்னும் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். டப்பாவைத் திறந்ததும் காட்டமான அமில நெடியோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அந்தப் பவுடர் கெட்டுவிட்டது. அதைத் தோட்டாவில் போடவும் வேண்டாம், மற்ற டப்பாக்களோடு வைக்கவும் வேண்டாம். செய்து முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் பவுடரின் பெயர், லாட் எண், அளவு, குண்டு, பிரைமர், கேஸ் நீளம், எந்தத் துப்பாக்கிக்கு, என்ன தேதி என்று எழுதிவையுங்கள்.