சத்து அளவு டெஸ்ட்: பேக்கேஜ் வாங்கும் முன் படித்துவிடுங்கள்

செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய சத்து குறைந்தால் வைரஸ் காய்ச்சல் முற்றிவிடும், அதனால் எல்லாவற்றையும் அளந்து பாருங்கள் என்று ஒரு நீளமான பேக்கேஜை உங்களிடம் யாராவது நீட்டியிருப்பார்கள். முதல் பாதி பொய் இல்லை. சீனாவின் கெஷான் பகுதி மண்ணில் செலினியம் குறைவு, அங்கே குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வந்த இதயத்தசை நோயில் அந்தக் குறைவோடு காக்சாக்கி என்ற வைரஸும் சேர்ந்திருந்ததாகக் கண்டார்கள். 1990களில் மெலிண்டா பெக் குழுவினர் செலினியம் குறைந்த எலிகளுக்குள் சாதுவான காக்சாக்கி வைரஸைச் செலுத்த, அது மரபணுவே மாறி இதயத்தைத் தாக்கும் வைரஸாகிவிட்டது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை முற்றுவதும் தெரிந்ததுதான். ஆனால் குறைவு இல்லாதவர் மாத்திரை விழுங்கினால் கவசம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. கோவிட் காலத்தில் பிரிட்டனிலும் நார்வேயிலும் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் தொற்று குறையவில்லை.

இன்னொன்று, லேப் அளப்பது ரத்தத்தை, மைட்டோகாண்ட்ரியாவை இல்லை. மெக்னீசியத்தையே பாருங்கள், உடம்பில் உள்ளதில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது, ரிப்போர்ட் நார்மல் என்றாலும் செல்லுக்குள் குறைந்திருக்கலாம். (மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவின் சுரங்கம் இருக்கும் சேலத்துக்காரனுக்கு மெக்னீசியம் எப்படிக் குறையும் என்று கேட்காதீர்கள், மலையில் இருப்பது உடம்பில் ஒட்டாது.) மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்க உதவும் கோ-க்யூ10 என்ற பொருளின் அளவோ கொலஸ்ட்ராலோடு சேர்ந்து ஏறி இறங்கும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் குறைவாகவே காட்டும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

முதலில் கேட்க வேண்டியவை உடம்பில் சேமித்த இரும்புச்சத்தைக் காட்டும் பெரிட்டின், பி12, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., மூன்று மாத சர்க்கரை (HbA1c). அவ்வளவுதான். ஜிங்க், செலினியம் எல்லாம் குடல் நோய் உள்ளவர்கள், எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்கள் மாதிரி காரணம் இருப்பவர்களுக்கு.

காய்ச்சலோடு போகாதீர்கள், இதுதான் பலர் சொதப்பும் இடம். உடம்பில் அழற்சி இருந்தால் பெரிட்டின் ஏறும், ஜிங்க்கும் செலினியமும் இறங்கும், குறைவே இல்லாதவருக்கும் குறைவு என்று வரும். சளி, ஜுரம் விட்டுச் சில வாரம் கழித்துப் போங்கள், சி.ஆர்.பி. கூட இருந்தால் மற்ற எண்களை நம்பலாமா என்பதும் தெரிந்துவிடும். பெரியவர்களுக்குப் பெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆனால் தொற்று இருக்கும் நேரத்தில் அந்தக் கோடு 70.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். ஏற்காடு காபி வீடு திரும்பிய பிறகு. முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் கேட்டு, இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது சில டெஸ்ட்களையே புரட்டிப் போடும். ஜிங்க் என்றால் அதற்கென்று உள்ள கருநீல மூடி ட்யூப்பில் எடுக்கச் சொல்லுங்கள். ஹோமோசிஸ்டீன் (பி12 குறைந்தால் ஏறும் அமினோ அமிலம்), லாக்டேட் (செல்கள் சக்தி தயாரிக்கும்போது வரும் பொருள்) டெஸ்ட் கேட்டிருந்தால் ஏற்காட்டில் வீட்டில் வைத்து ரத்தம் கொடுக்காதீர்கள். சாம்பிள் ஐஸ் இல்லாமல் இருபது ஹேர்பின் வளைவும் இறங்கி, சேலத்து வெயிலில் காத்துக்கிடந்தால் அளவு தானாக ஏறிவிடும். நீங்களே கீழே இறங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் பி12 200 pg/mL-க்குக் கீழே, வைட்டமின் டி 20 ng/mL-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் காட்டி மருந்து எடுங்கள், சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் சாப்பிட்டால் அதையும் சைவமா அசைவமா என்பதையும் சொல்லிவிடுங்கள். செலினியத்தை மட்டும் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம், அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். மூன்று மாத சர்க்கரை 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், ப்ளூ தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

டெங்கு சீசனில் காய்ச்சல் வந்தேவிட்டால் சத்து டெஸ்ட்டை மறந்துவிட்டு பிளேட்லெட்டையும் ஹெமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பாருங்கள். ஜுரம் இறங்கும்போது வயிற்றுவலியும் விடாத வாந்தியும் இருந்தால் லேபுக்கு இல்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.