தடைக்காலமும் ஃப்ரீ ஃபயரும்: வீடியோ கேம் விஷயத்தில் கடலோர வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாட்கள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். அதே நாட்களில்தான் முழுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறையும் வருகிறது. காலை பத்து மணி வெயிலே ஆட்களை வீட்டுக்குள் துரத்திவிடும். கடலுக்குப் போகாத அப்பாவும் பள்ளிக்குப் போகாத மகனும் ஒரே கூரையின் கீழ், ஆளுக்கொரு செல்போனுடன் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மாதங்களில் அரை மணி நேரம் விளையாடிய பையன் இந்த இரண்டு மாதங்களில் நாலைந்து மணி நேரத்துக்கு வந்துவிடுவான். பள்ளி திறந்ததும் "பிள்ளை கேமுக்கு அடிமையாகிவிட்டான்" என்று தாய்மார்கள் கண்கலங்குவார்கள்.

இந்தக் கரையில் நான் பார்த்த வீடுகளில் கண்டிப்புக்குக் குறைவே இல்லை. திட்டு, அடி, போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவது எல்லாம் நடக்கின்றன. ஆனால் ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் ஆறு மணிக்குத் திரும்பும் பெற்றோருக்குப் பொருந்தும் விதிகளை, காற்றையும், கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதியான டோக்கனையும் பார்த்து நாள் ஓடும் வீட்டில் அப்படியே பொருத்தப் பார்க்கிறோம். அவை ஒரு வாரம்கூட நிற்பதில்லை. பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்று எண்ணுவதற்கு முன்னால், அந்த விளையாட்டு வீட்டின் எந்த நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை சித்தப்பா மகன்களோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் விளையாடுவதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. பள்ளி நாளில் இரவு பன்னிரண்டரை மணிக்குப் போர்வைக்குள் முக்கால் மணி நேரம் விளையாடினால் மறுநாள் முழுவதும் கெடும். கணக்கில் முதலாவதுதான் அதிகம். கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

அப்பா இருக்கும் நாளுக்கு ஒரு சட்டம், இல்லாத நாளுக்கு இன்னொன்று

டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலைதான் கரை திரும்பும். ஆகவே ஓர் இரவு அப்பா வீட்டில் இருப்பார், மறு இரவு இருக்க மாட்டார். அவர் இருக்கும் இரவில் ஒன்பது மணிக்குப் போன் அலமாரிக்குப் போய்விடும். இல்லாத இரவில் அம்மாவின் குரலுக்கு அந்த வலிமை இருப்பதில்லை. இதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: விதி அப்பாவுக்குச் சொந்தமானது, வீட்டுக்குச் சொந்தமானது அல்ல. அப்பா இல்லாத இரவில் ஈடுகட்டி விளையாடுகிறான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்தவர் பகலில் தூங்குவார். "அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே" என்று சின்னவன் கையில் போனைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைக்கிறோம். இதில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒரு குழந்தையை மூன்று மணி நேரம் சத்தமில்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் நாமே கொடுத்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் நாம் கொடுத்துவிட்டு, மாலையில் அவன் கேட்கும் அரை மணி நேரத்துக்குச் சண்டை பிடித்தால், அதில் நியாயம் இருப்பதாக எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது.

விதியை அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசி வையுங்கள். அப்பா கடலில் இருக்கும் இரவுக்கும் அதுவே செல்லும் என்பதை அப்பாவே தன் வாயால் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்குவது

சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டில் ஐம்பது பேர் வரை ஒரு தீவில் இறங்குவார்கள். நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடலாம். கடைசிவரை நிற்பவர்களுக்கே வெற்றி. ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ விளையாட்டில் நூறு பேர் வரை இறங்குகிறார்கள், அரை மணி நேரம்கூடப் போகும். நடுவில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர வழி கிடையாது. நம் பையன் வெளியேறினால் மற்ற மூவரும் ஓர் ஆள் குறைந்து தவிப்பார்கள். அவர்கள் வேறு யாருமல்ல, பக்கத்துத் தெருப் பையன்களும் வகுப்புத் தோழர்களும்தான். அவன் ரேங்க் புள்ளியும் இறங்கும். "அஞ்சு நிமிஷம் பொறும்மா" என்று அவன் கெஞ்சுவதைப் பொய் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது உண்மை.

ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு ஆட்டங்களை எண்ணுங்கள். "அரை மணி நேரம்" என்பதை விட "இரண்டு மேட்ச்" என்பது அவனுக்குப் புரியும் கணக்கு. அதை அவனால் மதிக்கவும் முடியும். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் அருகில் போய் நில்லுங்கள். திரையின் மேற்பகுதியில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். முப்பது என்றால் நேரம் இருக்கிறது, ஐந்து என்றால் முடியப்போகிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த அம்மாவை ஏமாற்றவும் முடியாது, அவரிடம் கோபப்படவும் காரணம் கிடைக்காது. மூன்றாவது ஆட்டத்துக்கு விரல் போகும் முன், முடிவுத் திரை வந்த அந்தச் சில விநாடிகளில் போனை வாங்கிக்கொள்ள வேண்டும்.

போனைத் தரையில் அடித்து உடைப்பது, கேமை அழித்துவிடுவது போன்றவை கோபம் தணிய உதவும், பழக்கம் தணிய உதவாது. பிள்ளை வேறொருவன் போனில் விளையாடப் போவான். அது நம் கண்ணில்கூடப் படாது.

விளையாட்டு எப்படி இழுக்கிறது என்று தெரியாமலே திட்டுவது

"மனசுல உறுதி இல்லாத பயல்" என்பது பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம். தினமும் கேமுக்குள் வந்தால் ஒரு பரிசு, ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துபோகும். குறிப்பிட்ட தேதிக்குள் முடித்தால்தான் கிடைக்கும் சட்டை, துப்பாக்கிக்குப் புது வண்ணத் தோற்றம். சீசன் முடிந்ததும் ரேங்க் கீழே இறங்கிவிடும், மறுபடி ஏற வேண்டும். பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. பரிசு எப்போது வரும் என்று கணிக்க முடியாதபோதுதான் மனிதன் அதிக நேரம் முயன்றுகொண்டே இருப்பான் என்பது உளவியலில் பழைய செய்தி. பெரியவர்களையே வீழ்த்தும் இந்த ஏற்பாட்டின் முன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக நிற்க வைத்துவிட்டு, உறுதி இல்லை என்று குற்றம் சொல்கிறோம்.

அவனோடு உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். பெருமையாகவே காட்டுவான். பிறகு கேமின் அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள். "உன் நண்பன் ஆடிக்கொண்டிருக்கிறான், வா" என்ற அழைப்பு வராத போன் பாதி அமைதியாகிவிடும்.

இரவு

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு தூக்கம்தான், அதைக் காப்பதுதான் இங்கே மிகக் கடினமும். படகில் ஆள் இருக்கும் வீட்டில் இரவு போனை அணைக்க முடியாது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாள் என்றால் அம்மா கண்ணே மூட மாட்டார். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் கதை வேறு. வாப்பா சவூதியில் வேலை முடித்து, சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வீடியோ அழைப்புக்கு வந்தால் இங்கே பதினொன்றரை. பிள்ளைகள் அவரைப் பார்க்க விழித்திருப்பார்கள். அழைப்பு முடிந்ததும் போன் பெரியவன் கையிலேயே நின்றுவிடும். மறுநாள் காலை ஏழரை மணி பஸ்ஸில் அவன் தூங்கிக்கொண்டே போவான்.

இதற்கு ஒரு வழி பல வீடுகளில் வேலை செய்கிறது. உங்கள் சிம் வேலை செய்யும் பட்டன் போன் ஒன்றை எடுத்து, வீட்டின் எண் உள்ள சிம்மை இரவில் அதில் போடுங்கள். கரையிலிருந்தோ படகிலிருந்தோ வரும் அழைப்பு தவறாது. ஸ்மார்ட்போன் அடுப்படியில் சார்ஜில் கிடக்கட்டும், படுக்கையறைக்கு வர வேண்டாம். வளைகுடாவில் இருக்கும் வாப்பாக்கள் பள்ளி நாட்களில் வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவேளையில், இங்கே மாலையாக இருக்கும்போது பத்து நிமிடம் பேசிவிட்டு, நீண்ட அழைப்பை வெள்ளி இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். தூரத்தில் இருக்கும் ஏக்கத்துக்கு ஈடாக விலை உயர்ந்த போனை அனுப்பும் தகப்பன்மார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் போனை வாங்கும் முன் அதை இரவில் யார் வாங்கி வைப்பார் என்று மனைவியிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

விடுமுறையில் தூங்கும் நேரம் பின்னால் போய்விட்டால் பள்ளி திறக்கும் முந்தைய இரவு அதைத் திருத்த முடியாது. இரண்டு வாரம் முன்பே தொடங்கி, தினமும் கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிக்கொண்டே வாருங்கள். எழுவதைத் திருத்தினால் தூக்கம் தானே பின்தொடரும்.

பணம்

நம் வீடுகளில் போன் வழி பணம் பார்ப்பவர் பெரும்பாலும் பிள்ளைதான். மீன் வியாபாரி அனுப்பிய தொகை வந்துவிட்டதா என்று அப்பா கேட்பார், மகன் திறந்து பார்த்துச் சொல்வான். யுபிஐ ரகசிய எண் அவனுக்கு மனப்பாடம். கேமுக்குள் காசாகச் செல்லும் டைமண்ட் வாங்கவும் அதே எண் போதும். ஐம்பது, நூறு என்று போனால் யாருக்கும் தெரியாது. தெரியவரும்போது தொகை ஆயிரக்கணக்கில் நிற்கும். ரகசிய எண்ணை மாற்றிவிட்டு, இருப்பைப் பார்க்கும் வேலையை அப்பாவோ அம்மாவோ கற்றுக்கொள்வதே சரி. பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி செய்யலாம்.

தடைக்காலத்தில் பெரியவர்களை இழுக்கும் பணம் கட்டி ஆடும் ரம்மியைப் பற்றி ஒன்றே ஒன்று: தமிழ்நாடு 2022-இலேயே அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இன்றைக்கும் யாராவது இணைப்பு அனுப்பி ஆடச் சொன்னால் தொடாதீர்கள்.

அரசு தடை செய்யும் என்று காத்திருப்பது

பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில். பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கும் பிஜிஎம்ஐக்கும் மாறிக்கொண்டார்கள். பிஜிஎம்ஐயும் 2022-இல் நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தது. அப்போது பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. ஆனால் அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டுக் கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு அந்த வரம்பு எப்படிப் பொருந்தும்? கணக்கில் என்ன வயது இருக்கிறது என்று பாருங்கள்.

"போய் வெளியே விளையாடு"

மே மாத மதியம் இரண்டு மணிக்குச் சொல்லப்படும் இந்த வார்த்தைக்குப் பொருளே இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் வாலிபால் வலை கட்டும் ஊர்கள் இங்கே நிறைய உண்டு, கபடிக்கும் குறைவில்லை. பையனை அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும் அப்பா கூடவே போகலாம். வலை பின்னவும் படகுக்கு வண்ணம் அடிக்கவும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அப்பாவோடு நாள் முழுக்க இருக்கக் கிடைக்கும் இரண்டே மாதங்கள் அவை.

இந்த அறிவுரை பெண் பிள்ளைகளை மறந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வயதுக்கு வந்த பிறகு அவர்களுக்கு மைதானமும் இல்லை, கரையும் இல்லை. அவர்களும் கேம் ஆடுகிறார்கள், சத்தம் போடாததால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாலையில் இரண்டு மூன்று சிறுமிகள் ஒரு வீட்டு மாடியில் பந்து விளையாடக் கூடினால், அதற்கு இடம் கொடுப்பது பெரிய காரியம்.

எப்போது மருத்துவரிடம் போவது

நிறைய விளையாடும் எல்லாப் பிள்ளைகளையும் அடிமை என்று சொல்லிவிட முடியாது. உறவினர் முன் அப்படிப் பட்டம் கட்டுவது பிள்ளையை இன்னும் போனுக்குள்தான் தள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 முதல் நடைமுறையில் இருப்பது, மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. நிறுத்த நினைத்தாலும் கட்டுப்படுத்த முடியாமல் போவது. மற்ற விருப்பங்களையும் அன்றாட வேலைகளையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளுவது. கெடுதல் கண்முன் தெரிந்த பிறகும் தொடர்வது. இவை மூன்றும் சேர்ந்து, படிப்பையோ குடும்பத்தையோ கடுமையாகப் பாதித்து, பொதுவாக ஓராண்டு நீடித்தால்தான் அது நோய். பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே முடிவு செய்வார்கள். பல நேரங்களில் விளையாட்டுக்குப் பின்னால் வேறொன்று இருக்கும். பள்ளியில் கேலி, பாடம் புரியாத அவமானம், மனச்சோர்வு போன்றவற்றில் எது என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை கத்துவதையும் பொருட்களை எறிவதையும் பார்த்துக் காற்று சேட்டை, செய்வினை என்று அலையும் குடும்பங்களும் உண்டு. பிரார்த்தனை செய்யுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்த பிறகு, மனநலத்துக்கு மருத்துவம் வேண்டும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். "சாகப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள், அன்றே கூட்டிப் போங்கள்.

போகும் முன் ஒரு வாரம் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், எந்த வேளை சாப்பாட்டைத் தவிர்த்தான், பள்ளிக்கு எந்த நாள் போகவில்லை, போனை வாங்கியபோது என்ன செய்தான். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.