கதெரினாவை நாடாக்கிவிடாதீர்கள்

19-ஆம் நூற்றாண்டு உக்ரைன் இலக்கியத்தை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் கதெரினாவைத்தான். கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ அவள் பெயரில் எழுதிய கதைக்கவிதை 1840-இல் வெளிவந்தது. ரஷ்யப் படை அதிகாரியை நம்பிப் பிள்ளை பெற்றவளைப் பெற்றோரே வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள். தேடிப்போனால் அவனும் விரட்டுகிறான். குளத்தில் விழுந்து சாகிறாள்.

'அவள் உக்ரைன், அவன் ரஷ்யா' என்று இதை முடித்துவிடுவதுதான் பெரிய தவறு. அந்த வாசிப்பு பொய்யில்லை. ஆனால் அவளை நாடாக்கியதும் அவள் உடம்பு மறைந்துபோகிறது. 1842-இல் ஷெவ்சென்கோவே வரைந்த ஓவியத்தைப் பாருங்கள்: வெறுங்கால், தாழ்ந்த கண்கள், மேடிட்ட வயிறு, குதிரையில் விலகிப்போகும் அதிகாரி. அப்புறம் கூந்தல். கல்யாணமாகாத பெண் சடையைத் திறந்து காட்டலாம். மணமாகாமல் தாயானால் ஊர் அவள் தலையைத் துணியால் மூடிவிடும். 'போக்ரித்கா', அதாவது மூடப்பட்டவள் என்பதே அவளுக்குப் பெயர். அன்று உக்ரைனை ஆண்ட ரஷ்யப் பேரரசை மட்டும் தேடினால் ஊர் கொடுத்த இந்தத் தண்டனை கண்ணில் படாது.

'மொஸ்கால்' என்ற சொல்லை எங்கும் 'ரஷ்யன்' என்றே படிப்பதும் சரியில்லை. அன்றைய பேச்சில் அது படைவீரனையும் குறித்தது. படைக்குப் பிடித்துக்கொண்டுபோன சொந்த ஊர்ப் பையனும் மொஸ்கால்தான்.

பேரரசின் கலாசாரம் உக்ரைனுக்குள் வந்தது இப்படிப்பட்ட காதல் வழியாக மட்டும் என்று நினைக்கவேண்டாம். மார்கோ வொவ்சோக்கின் 'இன்ஸ்டிட்யூட்கா' கதையில் நகரத்து விடுதிப்பள்ளியில் படித்த சின்ன எஜமானி வீடு திரும்புகிறாள். பண்ணையடிமைப் பெண் உஸ்தினா அவளுக்குத் தலைவார வேண்டும். வாரியது பிடிக்காவிட்டால் கிள்ளுவாள், சீப்பால் கீறுவாள், கொண்டை ஊசியால் குத்துவாள், தண்ணீரை ஊற்றுவாள். எஜமானியின் நாகரிகத்துக்கு உஸ்தினாவின் தோல் விலை கொடுக்கிறது. என்னைப் பொறுத்தவரை, அந்த நூற்றாண்டின் எந்தக் காதல் தோல்வியைவிடவும் இந்தப் பக்கம் அதிகம் சொல்கிறது.

ஆண் பெயரில் எழுதிய வொவ்சோக் ஒரு பெண். ரஷ்யாவின் ஓரெல் பகுதியில் பிறந்தவர். பிற்பாடுதான் உக்ரைனிய மொழிக்கு வந்து சேர்ந்தவர். ஆகவே எல்லாரும் ரஷ்ய மொழியிலும் கலாசாரத்திலுமே கரைந்தார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

எல்லாக் கதையும் குளத்தில் முடிவதுமில்லை. எழுத்தாளர் க்விட்கா-ஒஸ்னோவியானென்கோவின் கதை நாயகி ஒக்சானாவையும் ஒரு படை கேப்டன்தான் ஏமாற்றுகிறான். அவள் குழந்தையோடு, உயிரோடு, தாயிடம் திரும்பி வருகிறாள்.