புது பிளைவுட் வாடையா? முதலில் கரி, அப்புறம்தான் பிளாஸ்மா

புதிதாக பிளைவுட் அலமாரி அடித்து மைக்கா ஒட்டியிருக்கிறீர்கள், கதவைத் திறந்தாலே கண் லேசாக எரிகிறதா? பிளைவுட் பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவும் பசையிலிருந்து வரும் கரைப்பான் ஆவியும்தான் பெரும்பாலும் காரணம். அளவு ரொம்பக் குறைவு, ஆனால் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். முதலில் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள், அதைச் செய்யாமல் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்க ஓட வேண்டாம்.

அப்படியும் போகவில்லை என்றால் கரி ஃபில்டர் உள்ள மெஷின். ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயு அதில் நிற்காது. கரி என்றால் இஸ்திரிப் பெட்டிக்குப் போடுவது இல்லை. தேங்காய்த் தொட்டிக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளாகக் குடைந்து எடுத்த ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமிலேயே சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். வாயு மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன, பள்ளிக்கூடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்தது இதுதான்.

வாங்கும்போது ஃபில்டரைக் கையில் தூக்கிப் பாருங்கள். கருப்புப் பொடி தூவிய ஸ்பாஞ்சு மாதிரி லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். மிளகு அளவு குருணை, கிலோ கணக்கில் இருக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு சின்ன மூலக்கூறு, வெறும் கரியில் சரியாக நிற்காது. அதற்குப் பெர்மாங்கனேட் என்ற ஊதா உப்பை ஏற்றிய அலுமினா உருண்டைகளையும் சேர்க்க வேண்டும். ஊதாவாக இருக்கும் உருண்டை பழுப்பானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் ஈரம் துளைகளை அடைத்துக்கொள்ளும், கரியின் பிடிப்பு குறையும். அறை சூடேறினால் பிடித்ததில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே விடும், அதனால் வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

சரி, சில மெஷின்களில் வரும் பிளாஸ்மா? இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியோ செராமிக்கோ வைத்து, சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் காற்று மின்னும், அதுதான் பிளாஸ்மா, அதில் உண்டாகும் எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளை உடைக்கும். 1857லேயே வெர்னர் வான் சீமென்ஸ் இந்த அமைப்பில் ஓசோன் தயாரித்தார். சிக்கலும் அங்கேதான். மாசு துளியூண்டு இருக்கும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உடைப்பதிலேயே போய்விடும், மிச்சமாவது மூச்சுக்கு ஆகாத ஓசோன். அதனால்தான் ஆய்வகங்களில் ஜியோலைட் என்ற துளைகள் நிறைந்த கனிமத்தில் மணிக்கணக்கில் மாசைச் சேர்த்து வைத்து, காற்றோட்டத்தை நிறுத்தி, கொஞ்ச நேரம் மட்டும் பிளாஸ்மாவை ஓட்டுகிறார்கள். தினமும் சேர்த்து வாரம் ஒருநாள் குப்பை கொளுத்துகிற கணக்கு.

வீட்டு மெஷினில் பிளாஸ்மா பட்டன் இருந்தால், அதைத் தாண்டி வரும் காற்று கரி வழியாகவோ மாங்கனீசு டை ஆக்சைடு வழியாகவோ வெளியேறுகிறதா என்று பாருங்கள், இரண்டுமே ஓசோனைச் சிதைக்கும். இப்படிப்பட்ட மெஷினிலிருந்து வரும் ஓசோனுக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் அனுமதிக்கும் அளவு 0.050 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 0.05 பங்கு. பழைய ஜெராக்ஸ் கடை வாடை மாதிரி காரமாக அடித்தால் பட்டனை அணைத்துவிட்டு, கரியை மட்டும் ஓட விடுங்கள்.