விரும்பி வந்த மாலுமியை விரட்டிவிடுற தவறுகள்

அமெரிக்காவுல 1973-ல கட்டாய ராணுவ சேவை நின்னுபோச்சு, அதுக்கப்புறம் நேவிக்கு வர்ற ஒவ்வொருத்தரும் தானா விரும்பி வர்றவங்கதான். ஆனா அதிகாரிங்க பல பேர் ஆள் சேர்க்குறதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. அந்த ஆள் முதல் கான்ட்ராக்ட் முடியும்போது மறுபடி கையெழுத்து போடணுமே, அங்கதான் விஷயம் இருக்கு. பாய்லரையும் ரேடாரையும் வருஷக்கணக்கா கையாண்ட ஒரு பெட்டி ஆபீசர் (சாதாரண மாலுமியா சேர்ந்து அனுபவத்தால மேல வந்தவர்) போயிட்டா அந்த இடத்துக்கு வெளியில இருந்து ஆள் எடுக்க முடியாது, கீழ இருந்து வளர்ந்துதான் வரணும்.

பெரிய தப்பு, இளசுகளோட மதிப்பீடுகள் மாறுறத ஒழுக்கக்கேடுன்னு முடிவு பண்றது. 1970-ல அட்மிரல் ஜும்வால்ட் அமெரிக்க நேவியோட தலைமைக்கு வந்தப்போ முதல் தவணை முடிச்சவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேர்தான் தொடர்ந்தாங்க. அவர் மாலுமிங்க கிட்டயே குறை கேட்டு ‘இசட்-கிராம்’னு உத்தரவுகள் போட்டார். அதுல 57-வது உத்தரவுல தாடி, தலைமுடிக்கு சலுகை, கிரீஸ் ஒட்டின வேலை உடையோடவே பேஸ்ல இருக்குற கடைக்குப் போகலாம், டிரெஸ் மாத்திட்டு வரத் தேவையில்ல. சின்ன விஷயம்தான், ஆனா தினம் தினம் ஒருத்தர மனுஷனா நடத்துறது இதுலதான் தெரியும்.

ஆனா அவர் பக்கமும் ஒரு கோளாறு நடந்துச்சு. உத்தரவு மேல இருந்து நேரா மாலுமிக்குப் போனதால நடுவுல இருந்த சீஃப் பெட்டி ஆபீசர்களுக்கு (பெட்டி ஆபீசர்கள்ல மூத்தவங்க) தங்களை ஒதுக்கிட்டாங்கன்னு மனசு விட்டுப்போச்சு, கப்பலை தினமும் ஓட்டுறதே அவங்கதானே, அவங்கள முதல்ல கூப்பிட்டுப் பேசாம எந்த மாற்றமும் கீழ இறங்காது.

உத்தரவு போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு விடுறதும் தப்புதான். கறுப்பின மாலுமிகளுக்கு சம வாய்ப்புன்னு 1970 டிசம்பர்லயே 66-வது இசட்-கிராம் வந்தாச்சு, இருந்தும் 1972 அக்டோபர்ல கிட்டி ஹாக் கப்பல்ல இனக் கலவரம் வெடிச்சது. கப்பல் கேப்டன்ல இருந்து சூப்பர்வைசர் வரைக்கும் யாரு எப்படி நடத்துறாங்கன்னு தொடர்ந்து பாக்கணும்.

சம்பளத்த மறந்துட்டு தேசப்பற்ற மட்டும் பேசுறவங்களும் உண்டு, எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. 70-கள் கடைசியில விலைவாசி ஏறி சம்பளம் பின்தங்குச்சு, அனுபவசாலிங்க கிளம்பிட்டாங்க, 1980-ல கேனிஸ்டியோங்கிற எண்ணெய்க் கப்பல் போதுமான அனுபவ ஆட்கள் இல்லாம கடலுக்குப் போக முடியாம நின்னுச்சு. அப்புறம்தான் 1980-ல 11.7 சதவீதம், 1981-ல 14.3 சதவீதம்னு சம்பளம் ஏத்துனாங்க.

வீட்டுல இருக்குறவங்களையும் கணக்குல எடுக்கணும். மாசக்கணக்கா கடல்ல இருக்குறவரோட மனைவிக்கோ கணவருக்கோ தனி வேலை, தனி கனவு இருக்கும், தொடர்றதா வேணாமாங்கிற முடிவு பாதி அங்கதான் எடுக்கப்படுது, அதனால கான்ட்ராக்ட் முடியுற கடைசி மாசத்துல கூப்பிட்டு போனஸ் பத்திப் பேசாம, ரொம்ப முன்னாடியே ரெண்டு பேரையும் உக்கார வச்சு அடுத்த போஸ்டிங் எங்கேன்னு தெளிவா சொல்லிடுங்க.